சிறுகுறிஞ்சான் கசாயமும் கஸ்பாரின் காலும்

மூலிகை மருந்து ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் கையில் முதல் நாளே ஒரு தடித்த கையேட்டைக் கொடுத்திருப்பார்கள். ரத்தம் எப்போது எடுப்பது, எந்தப் புட்டியில் எந்தச் சீட்டை ஒட்டுவது, யார் கையெழுத்துக்குப் பிறகு யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்கும். அதன் முதல் வடிவத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் குறை சொல்லப் போவதில்லை. அது நல்ல கையேடுதான். அதில் இருக்கிறபடி எல்லாவற்றையும் பிசகாமல் செய்துகொண்டே, ஒரு மனிதனின் கால் போகிற இடம் வரைக்கும் போக முடியும் என்பதை மட்டும் அதில் யாரும் எழுதவில்லை. நான் அந்த இடம் வரை போயிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் ஒரு மிஷன் மருத்துவமனையின் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாளன். ஆய்வகம் என்றால் இரண்டு அறை, ஒரு உதவியாளர், ரத்தச் சர்க்கரையை அளக்க, உப்புக் காற்றில் மாதம் ஒரு தடவை மக்கர் செய்யும் ஒரு கலரிமீட்டர். நான் சாத்தான்குளத்துப் பக்கம் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் உயிர்வேதியியல் படித்தவன். முப்பது வயதில் எனக்குத் தெரியாத நடைமுறை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் பெரிய தவறில்லை; உண்மையிலேயே எல்லாம் தெரியும். தெரிந்ததால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்காதவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் குறைவு. ஆவாரம்பூ, நாவல் கொட்டை, வேப்பங்கொழுந்து, பாகற்காய்ச் சாறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருந்தது. நாசரேத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பிஸ்கட் டின் நிறைய நாவல் கொட்டைப் பொடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"தம்பி, மூணு மாசமாச் சாப்பிடுதேன். சுகர் மொத்தமா இறங்கிட்டு."

"எவ்வளவு இருந்தது, எவ்வளவுக்கு இறங்கிச்சு சார்?"

"அத நான் பாக்கலையே. எனக்கு ஊசின்னா சின்ன வயசுலயிருந்தே பயம்லா."

அவரை நினைத்து நான் ஒரு வாரம் சிரித்தேன். அவர் ஒரு தடவைகூட அளக்காமல் நம்பினார். நான் பல நூறு தடவை அளந்து நம்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவரால் யாருக்கும் காயம் படவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனையின் தலைமை மருத்துவரை எல்லோரும் பெரிய டாக்டரம்மா என்போம். கண்டிப்பானவர். மூலிகை என்றதும் கைகூப்புகிறவரும் இல்லை, முகம் சுளிக்கிறவரும் இல்லை. "அளந்து பார்ப்போம்" என்பார். வேலியோர முள்ளில் படர்ந்து கிடக்கும் சிறுகுறிஞ்சான் கொடியை அவர்தான் தேர்ந்தெடுத்தார். நாட்டு வைத்தியத்தில் அதற்கு நல்ல பேர். நாட்டுமருந்துக் கடை அண்ணாச்சி இலையை உலர்த்தி மூட்டையாக அனுப்புவார். நாங்கள் கசாயமாகக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி, சர்க்கரை நோயாளிகளில் சம்மதித்தவர்களுக்கு வாராவாரம் கொடுத்தோம்.

சிறுகுறிஞ்சானுக்கு ஒரு குணம் உண்டு. இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் நாக்கில் இனிப்பு தெரியாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். நர்சுப் பயிற்சிக்கு வந்த பெண்களிடம் இலையைக் கொடுத்து மெல்லச் சொல்லி, பிறகு மிட்டாய் கொடுத்து, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரித்தவன் நான். மூட்டையில் வருவது சரியான இலைதானா என்று பார்க்கவும் அதே வழிதான். மென்று பார்ப்பேன், ஒரு துண்டு கருப்பட்டியைக் கடிப்பேன், இனிக்கவில்லை என்றால் மூட்டையை இறக்கச் சொல்வேன்.

கசாயத்தை எப்போது குடிப்பது என்று எழுதும் வேலை என்னுடையது. எங்கள் நோயாளிகளில் பாதிப் பேரிடம் கடிகாரம் கிடையாது. ஏழு மணி என்று எழுதினால் யாருக்கும் புரியாது. காப்பி குடிக்காத வீடு ஒன்றுகூட இல்லை என்பதால், 'காலையும் மாலையும் காப்பிக்கு முன்' என்று எழுதினேன். டாக்டரம்மா அதைப் பார்த்து, "நல்ல யோசனை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உணவுப் படிவம் நிரப்புவதும் என் வேலைதான். அப்படித்தான் கஸ்பார் எனக்கு அறிமுகமானார்.

கஸ்பார் தருவைகுளத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். இளமையில் சங்கு குளித்தவர், முத்துக் குளிப்பிலும் இறங்கியவர். ஆழம் காதைக் கெடுத்தபிறகு கடலை விட்டுவிட்டு உப்பளத்தில் காவலுக்கு நின்றார். காது மந்தமானவர்கள் பேசுவது போல உரக்கப் பேசுவார். அவரிடம் ரகசியம் கேட்டால் வார்டு முழுவதற்கும் பதில் கிடைக்கும்.

"சீனி சேர்க்கிறதுண்டா அண்ணாச்சி?"

"சீனியா? எங்க வீட்டு நடைய மிதிக்க விடமாட்டேன் தம்பி. அது வெசம்லா! கையாலயும் தொடமாட்டேன்."

படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது என் மேசையில் எனக்கு வந்த கருப்பட்டிக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எழுதி முடித்துவிட்டு அதை எடுத்துக் குடித்தேன்.

உங்களில் வெளியூர்க்காரர்கள் இப்போதே சிரிப்பீர்கள். சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கருப்பட்டி என்பது உடம்புக்கு நல்லது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது, சளிக்குக் கொடுப்பது. அதைச் சீனிக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றாது. வேதியியல் படித்த எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். பரீட்சையில் கேட்டிருந்தால் பனஞ்சாற்றில் என்ன சர்க்கரை எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். பரீட்சையில் எழுதியது ஒரு அறையிலும், வீட்டில் குடித்தது இன்னொரு அறையிலும் இருந்தன. நடுவில் கதவில்லை.

கசாயம் தொடங்கிய இரண்டாம் மாதமே ரத்தச் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் இன்னும் இறங்கியது. கஸ்பாருக்கு இறங்கியதைப் பார்த்து டாக்டரம்மா அவருடைய மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டார். நான்காம் மாத முடிவில் நாங்கள் கட்டுரை எழுத உட்கார்ந்தோம். மெட்ராஸில் ஒரு மருத்துவ மாநாடு. டாக்டரம்மா பெயருக்குக் கீழே என் பெயர். தட்டச்சுக்குப் போகும் முன் என் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

செய்தி எப்படியோ மெட்ராஸில் ஒரு மருந்துக் கம்பெனியின் காதுக்குப் போனது. அவர்கள் ஆள் ஒருவர் வந்தார். கசாயத்தை ஒரு மடக்கு குடித்தார். உடனே, "இதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டான் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்னது சரி. கசப்பு அப்படிப்பட்டது. எங்கள் இலையையே கெட்டியான சாறாக்கி, உலர்த்தி, கேப்சூலில் அடைத்து அனுப்பினார்கள். நோயாளிகள் எங்களை வாழ்த்தினார்கள். அதே இலை, அதே அளவு, அதே வேளை. கசப்பு மட்டும் கிடையாது. கையேட்டின்படி மாறியது உறைதான்.

மூன்றாவது வாரம் சர்க்கரை ஏறியது. நான்காவது வாரம் இன்னும் ஏறியது. ஒருவருக்கு இருவருக்கு அல்ல, கிட்டத்தட்ட எல்லோருக்கும்.

இங்கேதான் நடைமுறை தெரிந்தவனின் முட்டாள்தனம் தொடங்குகிறது. எண் ஒத்துவராவிட்டால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும்? கருவியை. பிறகு ரசாயனத்தை. பிறகு உதவியாளரின் கையை. கையேடு அப்படித்தான் சொல்கிறது, அந்த வரியை எழுதியவனே நான்தான். கலரிமீட்டரைப் பிரித்துத் துடைத்தேன். ரசாயனத்தைப் புதிதாகக் கலக்கினேன். உதவியாளர் அமலதாஸை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன்.

"சார், நான் கல்யாணத்துக்குக்கூட லீவு போடாம வேல பாத்தவன். என்னயப் போயிச் சந்தேகப்படுதீங்களே" என்று அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பத்து நாள் போனது. எல்லாம் சரியாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை உண்மையாகவே ஏறியிருந்தது. அந்தப் பத்து நாளும் நான் நோயாளிகளில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களிடமிருந்து எனக்கு வேண்டியது ரத்தம் மட்டும்தான். அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மாவிடம், "ரசாயனத்தில் ஏதோ கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னேன். அவர் என் வார்த்தையை நம்பிக் கட்டுரையோடு மெட்ராஸுக்கு ரயில் ஏறினார். வெள்ளிக்கிழமை வாசிக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை கஸ்பாரை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். வலது பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. உப்புப் பாத்தியின் விளிம்பு கீறியிருக்கிறது. சர்க்கரைக்காரரின் பாதத்துக்கு வலி தெரியாதே. ஒரு வாரம் அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் நடந்திருக்கிறார். விரலிடுக்கில் சீழ். காய்ச்சல். ரத்தத்தைப் பார்த்தேன். அவர் மாத்திரை சாப்பிட்ட காலத்தில்கூட அந்த அளவு இருந்ததில்லை.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். பெரிய டாக்டரம்மா எழுதிய சீட்டை மாற்றப் பயந்தார். சீட்டில் கேப்சூல் இருந்தது, கேப்சூலையே கொடுத்தார். காயத்துக்குக் கட்டுப் போட்டார். அறுவை மருத்துவர் திருநெல்வேலியிலிருந்து வியாழக்கிழமைதான் வருவார். அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டார்கள்.

வியாழன் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்று ரத்தம் எடுக்க நானே வார்டுக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் கஸ்பாரின் மனைவி ரோசம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றார். மீன் ஏலத்தில் நாலு ஆண்களை வாயடைக்க வைக்கும் பெண்மணி என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ரத்தம் எடுத்து முடிச்சாச்சா சார்? காப்பி ஆறுது."

"முடிஞ்சது. கொடுங்க."

கஸ்பார் கோப்பையை வாங்கிக் காய்ச்சலோடும் ஒரே மூச்சில் பாதியை இறக்கினார்.

"பாத்தீங்களா?" என்றார் ரோசம்மாள். "இப்பந்தான் மனுசன் மாதிரி குடிக்காரு. கசாயம் குடிச்ச காலத்துல என் காப்பிய என்ன பேச்சுப் பேசினாருங்கீங்க!"

ஊசியைத் துடைத்துக்கொண்டே, பேச்சுக்குக் கேட்டேன். "என்ன சொன்னாரு?"

"மண்ணக் கரைச்சி ஊத்துதியான்னு கேட்டாரு சார். உடன்குடிக் கருப்பட்டி! பாத்துப் பாத்து வாங்குனது. கருப்பட்டியிலதான் கோளாறோன்னு ரெண்டு கடை மாத்துனேன். குசினியில சட்டிய மாத்துனேன். இனிப்புப் பத்தலைன்னாருன்னு ரெண்டு மடங்கு போட்டேன். ஒண்ணுக்கும் அசையலையே. ஒரு நாளு தூக்குச்சட்டியோட முத்தத்துல வீசிட்டாரு. இனிமே காப்பியே வேண்டாம், உன் காப்பியும் நீயும்னுட்டாரு. நாலு மாசம் தொடல. எனக்குக் கைப்பக்குவம் போயிட்டுன்னு தெரு முழுக்கச் சொல்லியாச்சு."

காது மந்தமான கஸ்பாருக்கு இது மட்டும் கேட்டது. "ஏளா, அத எதுக்கு இப்பம் சார்ட்ட சொல்லுத? இப்பம் நல்லாத்தான போடுத!"

"இப்பமும் அதே கருப்பட்டிதான். அதே கைதான். இந்தக் குளிகை வந்த மறுநாளே, ஏளா இன்னைக்குத்தான் காப்பி காப்பியா இருக்குன்னாரு. அன்னையிலயிருந்து நாளைக்கு ஆறு கோப்பை, ஏழு கோப்பை. உப்பளத்துக்கும் ஒரு தூக்கு போவும்."

நான் ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"ரெண்டு மடங்கு போட்டேன்னு சொன்னீங்களே, அதை அப்புறம் குறைச்சீங்களா?"

"எதுக்குக் குறைக்கணும்? நல்லா இருக்குன்னுதான சொல்லுதாரு."

அந்தக் காப்பியில் எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். ஆச்சரியத்தோடு ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். பாகு. நாக்கில் ஒட்டியது. கோப்பையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். ரோசம்மாள் பின்னாலேயே வந்தார். ஒரு கேப்சூலை விழுங்கி, ஒரு வாய் குடித்தேன். அதே பாகு. பிறகு ஜாடியிலிருந்து சிறுகுறிஞ்சான் இலையை எடுத்து நன்றாக மென்று துப்பிவிட்டு, மறுபடி ஒரு வாய் குடித்தேன். வெதுவெதுப்பான சேற்றுத் தண்ணீர். கருப்பட்டியின் புகை வாசனை மட்டும் தனியாக மிதந்தது. என் முகம் கோணியது.

"நீங்களுமா சார்?" என்றார் ரோசம்மாள். கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போலிருந்தது. "அப்படி என்னதான் குறை என் காப்பியில?"

"உங்க காப்பியில ஒரு குறையும் இல்லம்மா."

நான்கு மாதம் நாங்கள் அளந்தது சிறுகுறிஞ்சான் ரத்தத்தில் செய்த வேலையை அல்ல. அது நாக்கில் செய்த வேலையை. காப்பிக்கு முன் குடிக்கச் சொன்னதால் காப்பி கெட்டது, காப்பி கெட்டதால் கருப்பட்டி நின்றது, கருப்பட்டி நின்றதால் சர்க்கரை இறங்கியது. கேப்சூல் நாக்கைத் தொடாமல் தொண்டைக்குள் போனது. கருப்பட்டி திரும்பி வந்தது, கஸ்பார் வீட்டில் இரண்டு மடங்காக. அந்த இலைக்கு ரத்தத்திலும் ஏதாவது குணம் இருக்கலாம், இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். எங்கள் காகிதத்தில் அதற்குச் சாட்சி எதுவும் இல்லை. அந்தக் காகிதத்தை நம்பித்தான் கஸ்பாரின் மாத்திரையை நிறுத்தியிருந்தோம்.

வார்டுக்குத் திரும்பினேன். அறுவை மருத்துவர் அதற்குள் வந்து காலைப் பார்த்துவிட்டு, தாழ்வாரத்தில் கைகழுவிக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் துண்டோடு நின்றார்.

"முழங்காலுக்குக் கீழே எடுத்திடலாம். பத்து மணிக்குத் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க" என்றார் அறுவை மருத்துவர்.

"விரலோடு நிறுத்த முடியாதா சார்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"ஆய்வகம்."

"ஆய்வகம் எதுக்குக் காலைப் பத்திப் பேசுது? மருந்து கொடுத்தும் இறங்காத சர்க்கரை இது. இன்னைக்கு விரலை எடுத்தா, அடுத்த வாரம் பாதம், அதுக்கடுத்த வாரம் உயிர். ஒரே தடவையா எடுக்கிறதுதான் அவருக்கு நல்லது."

அவர் சொன்னதில் தப்பில்லை. சீட்டைப் பார்த்தால் எந்த அறுவை மருத்துவரும் அதைத்தான் சொல்வார். மருந்து கொடுக்கப்படுகிறது என்று சீட்டு சொன்னது. அந்தச் சீட்டு பொய் என்று தெரிந்தவன் அந்தத் தாழ்வாரத்தில் நான் ஒருவன்தான். சொன்னால் கட்டுரை போகும், டாக்டரம்மாவின் பெயர் போகும், அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவர் மருந்தை ஓர் ஆய்வகக்காரன் பொய் என்றான் என்று என் வேலையும் போகலாம். இவ்வளவையும் நினைத்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அவருக்கு ரெண்டு மாசத்துக்கு மேலா மருந்தே கொடுக்கல."

"சீட்டுல கேப்சூல் எழுதியிருக்கே?"

"எழுதியிருக்கு. அது வேலை செய்யல."

"யார் சொன்னது?"

"வேலை செய்யுதுன்னு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன்தான் சொல்லுதேன்."

படித்த இடத்தில் பேசும் தமிழ் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். துண்டைக் கீழே வைத்தார். சுருக்கமாகச் சொன்னேன். இலை, நாக்கு, காப்பி, கேப்சூல், ஏழு கோப்பை. டியூட்டி டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். அறுவை மருத்துவர் நான் முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"அப்படின்னா இது மருந்துக்கு அடங்காத சர்க்கரை இல்ல. மருந்தே பார்க்காத சர்க்கரை" என்றார்.

"ஆமாம்."

"இன்சுலின் போட்டா இறங்கும்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?"

"முடியாது சார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே ரத்தம் பார்த்துச் சொல்லுதேன். இறங்கலன்னா நீங்க நினைச்சதைச் செய்யுங்க."

கஸ்பாரின் பாதத்தைப் போய் மறுபடி பார்த்தார். குனிந்து முகர்ந்தார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார். அன்று சீழை மட்டும் திறந்து வடித்தார். இன்சுலின் தொடங்கியது. "ஞாயிற்றுக்கிழமை வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமையைத் தவிர வேறு நாளில் அவர் தூத்துக்குடிக்கு வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். மத்தியானம்தான் கிடைத்தது.

"அம்மா, நாளைக்கு அந்தக் கட்டுரையை வாசிக்காதீங்க."

"ஏன்? சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். மருத்துவமனை அலுவலகம் முழுவதும் கேட்கும்படி என் தவறை நானே கூவினேன். மூன்று நிமிடம் முடிந்தது என்றாள் எக்ஸ்சேஞ்சுப் பெண். இன்னும் மூன்று நிமிடம் கேட்டேன்.

"சீனி சேர்க்கிறதுண்டாங்கிற கேள்வியை எழுதினது யாரு?"

"நான்தான்மா."

"படிச்சுப் பார்த்துச் சரின்னு சொன்னது?"

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நான்தான்" என்றார் அவரே. "நானும் அந்தக் காப்பி குடிச்சு வளர்ந்தவதான். கஸ்பார் எப்படி இருக்கார்?"

மறுநாள் மாநாட்டில் அவருக்குத் திடீர்க் காய்ச்சல் கண்டு, கட்டுரை வாசிக்கப்படவில்லை. மிகவும் ஒழுக்கமான காய்ச்சல்; சனிக்கிழமை காலை தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கும்போது இல்லை. மேடையில் ஏறி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அவரே பின்னால் அதைச் சொல்லி வருத்தப்பட்டார். இறங்கி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் வார்டுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எல்லா நோயாளிகளையும் திரும்ப அழைத்தோம். இந்த முறை வீட்டில் காப்பி போடுகிறவரையும் கூட்டிவரச் சொன்னோம். பெரும்பாலான வீடுகளில் அதே கதை, அதே சண்டை. ஒரு மருமகள் கண்ணீர் விட்டாள். நாலு மாதம் மாமனாரிடம் பட்ட வசவு அப்படி. மாத்திரைகளை மறுபடி எழுதினோம். கம்பெனிக்கு டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதினார். நீளமான கடிதம் அல்ல.

கஸ்பாரின் சர்க்கரை முதல் நாள் அசையவில்லை. அன்று என் உதவியாளர் அமலதாஸ் என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார், போகவில்லை. வெள்ளி மாலை கொஞ்சம் இறங்கியது. நம்பாமல் இரண்டு தடவை பார்த்தேன். சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. ஞாயிறு காலை அறுவை மருத்துவர் வந்து கட்டைப் பிரித்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு விரல்களை மட்டும் எடுத்தார். பாதம் நின்றது.

வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, "பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா அந்த ரெண்டும் இருந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்வது போலச் சொன்னார். அந்தப் பத்து நாளும் நான் எதைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். என் பணிக்காலம் முழுவதற்குமாக என்னைப் பற்றி யாராவது ஒரு அறிக்கை எழுதச் சொன்னால் அந்த வாக்கியத்தை முதலில் எழுதச் சொல்வேன்.

எண் ஒத்துவராதபோது கருவியைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே நோயாளியின் வீட்டில் அடுப்படியில் நிற்கிற ஆளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எண் மிக அழகாக ஒத்துவரும்போது இரண்டு வார்த்தை கேளுங்கள். எங்களுக்கு நாலு மாதம் அழகாக ஒத்துவந்தது, நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கஸ்பார் வீட்டுக்குப் போகிற நாள். அவர் புது வார்ச் செருப்பைப் போட்டுப் பழகிக்கொண்டு முற்றத்தில் நடந்தார். நான் ரோசம்மாளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, நடந்ததை முழுவதும் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

"கருப்பட்டியும் சீனிதான்னு மொதல்லயே சொல்லுறதுக்கு என்ன சார்?"

"எனக்கே தோணலம்மா."

"இம்புட்டுப் படிச்சும்?"

"இம்புட்டுப் படிச்சும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மன்னித்ததாக அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, எதை எப்போது என்று விளக்கினேன். "இனிமே காப்பியில கருப்பட்டி கூடாது" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. வெறுங்காப்பியக் குடுத்தா தூக்குச்சட்டி திரும்பவும் முத்தத்துக்குப் போவும். நீங்க வந்து பொறுக்குவீங்களா?" என்றவர், சட்டென்று நிறுத்தினார். அலமாரியைப் பார்த்தார். "அந்தக் கசாயம் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஆனா அது சர்க்கரையைக் குறைக்குதுன்னு எங்களால சொல்ல முடியாது."

"யாரு கேட்டா? மாத்திரைய அதுபாட்டுக்குத் திங்கட்டும். காப்பிக்கு முன்னால இதுல ஒரு மடக்கு ஊத்திவிட்டுருதேன். பொறவு நான் கருப்பட்டி போட்டேனா போடலையான்னு அவருக்கு எங்க தெரியப் போவுது?"

ஆய்வு முழுவதையும் அவர் ஒரு வாக்கியத்தில் சரியாகத் திருப்பிப் போட்டிருந்தார். அரைமணி நேரத்தில் டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி வந்து, இரண்டு பாட்டில் நிரப்பினேன்.

"பழையபடி உங்களைத் திட்டுவாரே?" என்றேன்.

"திட்டட்டும் சார். நாலு மாசம் கேட்ட திட்டுதான." பாட்டில்களைச் சேலைத் தலைப்பில் பத்திரமாக முடிந்துகொண்டார். "ஒத்தக் காலோட கட்டில்ல கெடந்து திட்டுறதுக்கு, நின்னுக்கிட்டுத் திட்டிட்டுப் போறாரு."

"ஏளா, பஸ்ஸு போயிரும்! அங்கன என்ன பேச்சு ஒனக்கு?" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது. முற்றத்து வெயிலில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு கஸ்பார் அப்போதே திட்ட ஆரம்பித்திருந்தார்.